லெக்சிங்டனுக்கு முந்தைய மாசசூசெட்ஸ்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் புரட்சி குறித்துத் தமிழில் வரும் கட்டுரைகளும் தேர்வுக் குறிப்புகளும் பெரும்பாலும் ஒரே வரிசையைப் பின்பற்றுகின்றன. பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலை கொட்டப்பட்டது, பால் ரிவியர் இரவில் குதிரையேறினார், லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது, பிறகு ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையேற்றார். இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் 1773 டிசம்பருக்கும் 1775 ஏப்ரலுக்கும் இடைப்பட்ட பதினாறு மாதங்களில் அன்று பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த மாசசூசெட்ஸின் உழவர்களும் கொல்லர்களும் செருப்புத் தைப்பவர்களும் செய்த வேலை இந்த வரிசையில் இடம்பெறுவதே இல்லை. பெரிய தவறுகள் பலவும் அந்த விடுபடலிலிருந்துதான் பிறக்கின்றன.

முதலாவது, லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்த 1775 ஏப்ரல் 19 அன்று புரட்சி தொடங்கியது என்று எழுதுவது. அன்று தொடங்கியது போர். ஆட்சி கைமாறியது அதற்கு முந்தைய கோடையிலேயே. தேயிலை நிகழ்வுக்குத் தண்டனையாகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1774-இல் இயற்றிய சட்டங்களில் பாஸ்டன் துறைமுகத்தை மூடிய சட்டத்தையே எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். கிராமத்து மக்களை உண்மையில் கொதிக்க வைத்தது மாசசூசெட்ஸ் அரசாங்கச் சட்டம். ஆளுநரின் அனுமதியின்றி ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் ஊர்க்கூட்டம் கூடாது என்றும், மேலவை உறுப்பினர்களை இனி மன்னரே நியமிப்பார் என்றும், நடுவர் குழுவினரை ஷெரீப்பே தேர்ந்தெடுப்பார் என்றும் அச்சட்டம் கூறியது. கடன் வழக்கில் நிலத்தை இழக்கும் அச்சத்தோடு வாழ்ந்த உழவருக்கு, நீதிமன்றம் யார் கையில் இருக்கிறது என்பது வாழ்வாதாரக் கேள்வி.

ஆகவே அவர்கள் நீதிமன்றங்களையே நிறுத்தினார்கள். 1774 ஆகஸ்ட் 16 அன்று கிரேட் பாரிங்டனில் சுமார் 1,500 பேர் திரண்டு நீதிமன்றம் நடைபெறாதபடி தடுத்தனர். செப்டம்பர் 6 அன்று வொர்செஸ்டரில் நடந்தது இன்னும் பெரியது. 37 ஊர்களின் குடிப்படைகளை (ஊர் ஆண்களைக் கொண்ட படைகளை) சேர்ந்த 4,622 பேர் அங்கு அணிவகுத்ததாக அன்று ஊர்வாரியாக எடுக்கப்பட்ட கணக்கு சொல்கிறது. தெருவின் இருபுறமும் அவர்கள் நிற்க, நீதிபதிகளும் நீதிமன்ற அலுவலர்களும் தொப்பியைக் கையில் பிடித்தபடி நடுவே நடந்து, புதிய சட்டத்தின்படி பதவி வகிக்க மாட்டோம் என்ற உறுதிமொழியை முப்பது முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியிருந்தது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை, ஓர் உயிரும் போகவில்லை. வொர்செஸ்டர் பாடநூல்களில் இடம்பெறாமல் போனதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆளுநர் தாமஸ் கேஜ் அங்கே படை அனுப்பும் எண்ணத்தைக் கைவிட்டார். அந்த இலையுதிர் காலம் முதல் பாஸ்டனுக்கு வெளியே அவருடைய ஆணைக்குப் பெயரளவு மதிப்பே எஞ்சியது.

சாமுவேல் ஆடம்ஸ் சூத்திரதாரி, மற்றவர்கள் பின்தொடர்ந்தவர்கள் என்று எழுதுவது அடுத்த தவறு. 1772 நவம்பரில், மற்ற ஊர்களோடு கடிதம் வழியே கருத்துப் பரிமாறும் பாஸ்டன் தொடர்புக் குழுவை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் அதற்குப் பதில் எழுதின. ஆனால் வொர்செஸ்டரில் நீதிபதிகள் நடந்த அன்று ஆடம்ஸ் பிலடெல்பியாவில், குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய முதலாவது கண்டப் பேராயத்தில் அமர்ந்திருந்தார். வொர்செஸ்டரில் முன்னின்றவர்களில் ஒருவர் திமோதி பிகிலோ என்ற கொல்லர். அடுத்த மாதம் அவரை, மாசசூசெட்ஸ் ஊர்களின் பிரதிநிதிகள் ஆளுநரை மீறிக் கூடிய மாகாணப் பேராயத்துக்குப் பிரதிநிதியாக அனுப்பியபோது, பழைய ஆட்சியமைப்பு கலைந்துவிட்டதென்றும், அதன் சாம்பலிலிருந்து மக்கள் வாக்கையே சார்ந்த அதிகாரிகளைக் கொண்ட புதிய ஆட்சியை எழுப்ப வேண்டுமென்றும் ஊர்க்கூட்டம் அவருக்கு எழுத்து மூலம் அறிவுறுத்தியது. சுதந்திரப் பிரகடனத்துக்கு அப்போது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தன.

'மினிட்மென்' என்போரை, ஏரை விட்டுவிட்டுத் துப்பாக்கியோடு ஓடிவந்த உழவர்களாகச் சித்திரிப்பதும் பொருந்தாது. 16 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் குடிப்படையில் சேர வேண்டும் என்ற வழக்கம் மாகாணத்தில் நெடுங்காலமாக இருந்தது. 1774 அக்டோபர் 26 அன்று மாகாணப் பேராயம் அந்தப் படையை மாற்றியமைத்து, அதில் கால்பங்கினர் குறைந்தது ஐம்பது பேர் கொண்ட குழுக்களாக உடனடி அழைப்புக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. மினிட்மென் என்பது இவர்களையே குறிக்கும். பணத்துக்கும் வழி செய்யப்பட்டது. வரியை அரசுக் கருவூலருக்குச் செலுத்தாமல், தான் நியமித்த ஹென்றி கார்ட்னரிடம் செலுத்துமாறு பேராயம் ஊர்களுக்கு அறிவித்தது. துப்பாக்கியை விட இந்த வரிக்கணக்கு ஆபத்தானது என்பது ஆளுநருக்குப் புரிந்திருக்க வேண்டும். லெக்சிங்டன் திடலில் ஜான் பார்க்கரின் தலைமையில் நின்ற சுமார் எண்பது பேர் மினிட்மென் அல்லர், வழக்கமான குடிப்படையினர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

ரிவியரைத் தனி வீரராக்குவதும் அப்படித்தான். பிரிட்டிஷ் படை வருகிறது என்று எச்சரிக்கக் கிளம்பிய அவர், அப்படை குறிவைத்த கான்கார்டு ஊருக்குப் போய்ச் சேரவே இல்லை. லிங்கன் அருகே பிடிபட்டார். கான்கார்டுக்குச் செய்தியைக் கொண்டுபோனவர் சாமுவேல் பிரெஸ்காட் என்ற மருத்துவர். 1774 செப்டம்பர் 1 அன்று கேஜின் படையினர் சார்ல்ஸ்டவுன் கிடங்கிலிருந்து வெடிமருந்தை எடுத்துச் சென்றபோது, பாஸ்டன் குண்டுவீச்சுக்கு உள்ளானதாக வதந்தி பரவி, மறுநாள் கேம்பிரிட்ஜில் சுமார் 4,000 பேர் கூடிவிட்டனர். செய்தி சரியாகவும் வேகமாகவும் பரவ வேண்டும் என்ற பாடத்தை அந்தக் குழப்பம் கற்பித்தது. அதன் பிறகு செம்மைப்படுத்தப்பட்ட, குதிரைத் தூதர்கள், தேவாலய மணிகள், அடையாள வெடிகள் அடங்கிய ஏற்பாடுதான் ஏப்ரல் 19 அன்று வேலை செய்தது.

தேயிலையைப் பற்றித் தமிழ் வாசகருக்கே உரிய ஒரு தவறும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரைக் கண்டதும் கொட்டப்பட்டது இந்தியத் தேயிலை என்று கொள்கிறோம். அது சீனத் தேயிலை. நீலகிரியிலும் அசாமிலும் தேயிலைத் தோட்டங்கள் உருவானது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1773-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் வரியை உயர்த்தவும் இல்லை. விலை குறையவே வழி செய்தது. பழைய வரி மட்டும் நீடித்தது.

இறுதியாக, மக்கள் அனைவரும் ஒருமனதாக எழுந்தார்கள் என்று எழுதக் கூடாது. மூன்றில் ஒரு பங்கினர் அமெரிக்கப் புரட்சியை ஆதரித்தனர், ஒரு பங்கினர் எதிர்த்தனர் என்று, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் சொன்னதாக மேற்கோள் காட்டப்படும் 1815-ஆம் ஆண்டுக் கடிதம் பேசுவது பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி. ஊர்க் குழுக்கள், பிரிட்டிஷ் பொருட்களின் புறக்கணிப்பை மீறியவர்களின் பெயர்களைச் செய்தித்தாள்களில் வெளியிட்டன. 1774 ஜனவரியில் பாஸ்டனில் ஜான் மால்கம் என்ற சுங்க அதிகாரியைக் கூட்டம் தாரும் இறகும் பூசி இழுத்துச் சென்றது. அதே ஆண்டு மே மாதம், அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களும் கூடித் தங்கள் விடுதலைக்காக ஆளுநர் கேஜுக்கு மனு எழுதினார்கள். லெக்சிங்டன் திடலில் காயமுற்றவர்களில் பிரின்ஸ் எஸ்டப்ரூக் என்ற அடிமைப்பட்ட மனிதரும் ஒருவர். மாசசூசெட்ஸின் சாதாரண மக்கள் திரண்டதை எழுத வரும் கட்டுரையில் அந்த மனுவும் இடம்பெற வேண்டும்.