பிரஷர் மரணம் குறைவாம்: கணக்கை வாசிக்கும்போது விடுகிற பிழைகள்

"எங்கட மாவட்டத்தில் பிரஷரால் சாகிற ஆட்கள் குறைவாம்" என்று இலங்கையின் வடக்கில் யாராவது சொன்னால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். பிரஷரால் செத்தார் என்றே பதியப்படுகிறவர்கள் எங்கேயும் கொஞ்சப் பேர்தான். அது பெரும்பாலும் பாரிசவாதமாகவோ (ஸ்ட்ரோக்) மாரடைப்பாகவோ வந்துதான் ஆளைக் கொண்டுபோகிறது.

வைத்தியர் நிரப்பும் மரணக் காரணப் படிவத்தைப் பாருங்கள். முதல் வரியில் மூளையில் இரத்தக்கசிவு. அது எதனால் வந்தது என்ற அடுத்த வரியில் உயர் குருதி அமுக்கம், அதாவது பிரஷர். கூட இருந்த வருத்தங்களை எழுதும் இரண்டாம் பகுதியில் நீரிழிவு, அதாவது சீனி வருத்தம். மூன்றும் ஒரே தாளில் இருந்தாலும் புள்ளிவிபரத்துக்குப் போவது ஒரு காரணம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு விதிப்படி இந்தச் சாவு பாரிசவாதத்தின் கீழ் எண்ணப்படும். சீனியும் பிரஷரும் அட்டவணையில் தெரியவே தெரியாது. ஆகவே 'பிரஷர்' என்ற ஒற்றை வரியை வைத்து ஊரையும் ஊரையும் ஒப்பிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய பிழை. பாரிசவாதம், மாரடைப்பு, சிறுநீரக நோய் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வவுனியாப் பக்கம் இன்னொரு சிக்கல்: காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயும் அங்கே உண்டு. அதனால் சிறுநீரகம் பழுதாகிப் போனவர்கள் எல்லாரையும் சீனியின் தலையில் கட்டவும் முடியாது.

வீட்டில் நடக்கிற சாவு இதைவிட மோசம். கிராம அலுவலர், தேவைப்பட்டால் திடீர் மரண விசாரணை அதிகாரி, பிறகு பதிவாளர் என்று போகும். செத்தவீட்டுக் களேபரத்தில் "என்ன வருத்தம்?" என்று கேட்டால் யாராவது ஒருவர் "ஹார்ட் அட்டாக்" என்பார். வருடக்கணக்காகச் சீனிக்குக் குளிசை எடுத்த கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் கிடக்கும். பதியப் போகிறவர் அந்தக் கொப்பியையும் கையோடு கொண்டு போனால் நல்லது.

அடுத்தது வயது. பத்தாயிரம் பேர் வீதம் இரண்டு பிரதேசங்கள். ஒன்றில் முதியவர்கள் 1,400 பேர், மற்றதில் 700 பேர் என்று வையுங்கள். இரண்டிலும் வருடத்துக்கு நூறு முதியவரில் ஒருவர் சீனியால் இறந்தால், அங்கே 14 சாவு, இங்கே 7. வருத்தத்தின் கடுமை ஒன்றுதான், எண் மட்டும் இரட்டிப்பு. யாழ்ப்பாணத்தில் முதியோர் பங்கு கூட, கிளிநொச்சியில் குறைவு. வயதைச் சரிக்கட்டிய விகிதம், அதாவது இரண்டு இடத்திலும் வயதுப் பங்கு ஒன்றுதான் என்று வைத்துக் கணித்த விகிதம், இல்லாமல் இரண்டையும் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமில்லை.

லண்டன் சொந்தக்காரர் அனுப்பும் செய்திக்கும் இது பொருந்தும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தெற்காசியாவில் பிறந்தவர்களிடையே நீரிழிவு மரணமும், கரீபியனில் பிறந்தவர்களிடையே பிரஷர், பாரிசவாத மரணங்களும் கூட என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை வாசித்துவிட்டு "எங்கட இரத்தமே அப்படி" என்று முடிவு கட்டுகிறார்கள். அங்கே பிரித்தது பிறந்த நாட்டை வைத்து. பஞ்சாபியும் வங்காளியும் நாமும் ஒரே கூட்டில். மரண விகிதம் கூடியிருந்தால் வருத்தக்காரர் கூட என்றும் இருக்கலாம், வருத்தக்காரருக்குச் சிகிச்சை சரியாகக் கிடைக்கவில்லை என்றும் இருக்கலாம். 2009 யுத்த இடப்பெயர்வில் மருந்து அறுந்துபோனவரின் கதையை இரத்தத்தில் தேடி என்ன பயன்?

மக்கள்தொகையையும் கவனியுங்கள். வடக்கில் 1981க்குப் பிறகு முழுமையான கணக்கெடுப்பு 2012இல்தான் நடந்தது. இடைப்பட்ட வருடங்களின் விகிதமெல்லாம் சனத்தொகை மதிப்பீட்டில் நிற்பது. அதோடு, மற்ற மாவட்டங்களிலிருந்து யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டு அங்கே இறப்பவரின் சாவு அங்கேதான் பதியப்படும். 2012இல் முல்லைத்தீவின் சனத்தொகை ஏறக்குறைய 92,000. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு வருடம் மூன்று சாவு, அடுத்த வருடம் ஆறு என்றால் "இரண்டு மடங்கு" என்று தலைப்புப் போட்டுவிடலாம், ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். ஐந்து வருடத்தைச் சேர்த்துக் கணித்த விகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விகிதத்தை விட்டுவிட்டு எத்தனை பேர் என்ற எண்ணையே பாருங்கள்.