பீதித் தாக்கம் தொடங்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் விடும் பிழைகள்

பீதித் தாக்கம் (panic attack) என்பது திடீரென்று கடும் பயமும் படபடப்பும் மூச்சுமுட்டலும் வருவது. அது வந்தவரின் முகத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது, "நடிக்காதை" என்று ஏசக் கூடாது என்பதெல்லாம் இப்போது பலருக்கும் தெரியும். வீட்டாரும், உளவளத்துணைப் பணிக்குப் புதிதாக வருபவர்களும் இன்னும் திரும்பத் திரும்ப விடுகிற பிழைகள் வேறு.

படபடப்பு வரும்வரை காத்திருப்பது

"சாகப் போறன் போல கிடக்கு" என்று ஒருவர் சொல்லும்போது தாக்கம் உச்சத்தை நெருங்கிவிட்டது. தொடங்கிப் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சம் வந்துவிடும். சிலருக்கு முன்னறிகுறியே இருக்காது. பலருக்கு இருக்கும்: அடிக்கடி பெருமூச்சு, கொட்டாவி, தொண்டையைச் செருமுவது, சட்டைக் கழுத்தை இழுத்துவிடுவது, விரல் நுனி குளிர்வது, தன் நாடியைத் தானே பிடித்துப் பார்ப்பது, கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண் வாசலைத் தேடுவது. நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள் இவற்றை வெக்கை என்று விட்டுவிடுவார்கள். பெருமூச்சை முதலில் கவனியுங்கள். காரணம் அடுத்த பிழையில் இருக்கிறது.

"நல்லா மூச்சை இழு, இன்னும் இழு"

இதைக் கேட்டால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. ஏ.எல். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே பிள்ளை வியர்த்துப்போய் நிற்கும். சுற்றி நாலு பேர் நின்று "இழு, இழு" என்பார்கள். பிள்ளையும் வாயைத் திறந்து வேகமாக இழுக்கும்.

அந்தப் பிள்ளை ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்செடுத்துக்கொண்டிருக்கிறது. இரத்தத்தில் ஒட்சிசனுக்குக் குறைவில்லை, குறைவது காபனீரொட்சைட்டு. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், சுற்றுப்புறம் கனவு போலத் தெரியும். இரத்தத்தின் காரத்தன்மை கூடும், அதனால் அதில் புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் கல்சியம் குறையும். வாயைச் சுற்றியும் விரல்களிலும் விறைக்கும், சிலருக்கு விரல்கள் மடங்கி இறுகும். உடனே "வலிப்பு" என்று கையை இழுத்து விரிக்கப் பார்ப்பார்கள். பிள்ளையின் பயம் இரட்டிக்கும், மூச்சு இன்னும் வேகமெடுக்கும். உதவ வந்தவர்களின் வார்த்தையே தாக்கத்தை வளர்த்துவிடுகிறது.

மூச்சு முட்டுவதாக அவர் சொல்வது பொய்யல்ல. அந்த உணர்வு உண்மையாகவே இருக்கும். ஆனபடியால் வாதாடாதீர்கள். சுற்றி நிற்பவர்களை விலக்கி, ஆளை இருத்தி, "முதல்ல மெதுவா வெளியே விடு" என்று சொல்லுங்கள். பிறகு வாயை மூடி, மூக்கால் 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே. கை தொப்புளுக்கு மேல் இருக்கட்டும். அசைய வேண்டியது வயிறு, தோள் அல்ல. கட்டளை போடாமல் நீங்களும் கூடச் செய்யுங்கள். எண்ணுவதே பதற்றம் தந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, வெளிமூச்சை மட்டும் நீட்டச் சொல்லுங்கள்.

கடதாசிப் பைக்குள் மூச்சு விடவைப்பது

வேண்டாம். ஆஸ்துமாவோ மாரடைப்போ இருந்தால் ஆபத்து.

முதல் தடவையே "பயம்தான்" என்று முடிவு கட்டுவது

முதல் தடவை வந்தால் வைத்தியரிடம் காட்டி, ஈசிஜி எடுக்க வேண்டும். இரத்தச் சோகை, தைரொயிட் கோளாறு போன்றவையும் இதே அறிகுறிகளைத் தரும். நெஞ்சை அமுக்கும் வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், ஆள் மயங்கினால், உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். இன்சுலின் போடுபவர் நடுங்கி வியர்த்தால் முதலில் இரத்தச் சீனியை அளந்து பாருங்கள். 70 mg/dL-க்குக் கீழே என்றால், ஆள் விழிப்பாக இருந்து விழுங்கக்கூடியவராயின், 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடுவது

பருத்தித்துறை பஸ்ஸில் பாதி வழியில் இறங்கியதும் நிம்மதி வரும். "இறங்கினதாலதான் தப்பினன்" என்று மனம் பதித்துக்கொள்ளும். அடுத்த முறை ஏறும்போதே படபடக்கும். பிறகு பஸ் இல்லை, சந்தை இல்லை, கோயில் இல்லை. இருதயம் சரி என்று வைத்தியர் சொன்ன ஒருவர் என்றால், சீற்றிலேயே இருந்து தாக்கம் இறங்கும்வரை மூச்சை நீட்டி, தன் தரிப்பிடத்திலேயே இறங்கட்டும். ஏற்கெனவே பஸ்ஸில் போவதையே விட்டவர் துணையோடு இரண்டு தரிப்பிடத் தூரத்திலிருந்து தொடங்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை ஆகியவற்றின் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன, தொலைபேசியில் என்றால் 1926 உளநல உதவி இலக்கம்.

தணிந்ததும் பிளேன்ரீ

சாயம் கூடின தேத்தண்ணியில் உள்ள கஃபீன் படபடப்பைத் திரும்பக் கிளப்பும். தண்ணீர் கொடுங்கள்.