லிப்ரெஆபிஸ் உதவிப் பக்கங்களில் தேடியது கிடைக்க

இலவச அலுவலக மென்பொருளான லிப்ரெஆபிஸின் கணக்கு அட்டவணைச் செயலி கால்க். அதில் ஒரு ஃபார்முலா மக்கர் பண்ணினால் உடனே யூடியூபைத் திறக்கத் தேவையில்லை. லிப்ரெஆபிஸின் உதவித் தளத்திலேயே விடை இருக்கும். ஆனால் புதிதாக உள்ளே போகிறவர்கள் இரண்டு மூன்று இடங்களில் கட்டாயம் வழுக்குவார்கள்.

1. பதிப்பு எண். ஹெல்ப் → அபவுட்டில் பாருங்கள். 2024 தொடக்கத்திலிருந்து ஆண்டும் மாதமுமாக 24.2, 24.8 என்று வருகிறது. அதற்கு முன்னால் 7.6. உதவிப் பக்க முகவரியிலும் இந்த எண் இருக்கும். கூகிள் வழியாகப் போனால் சில நேரம் பழைய 6.x பக்கத்தில் இறக்கிவிடும். அதில் சொன்ன மெனு உங்களிடம் இருக்காது. முகவரியில் எண்ணை மட்டும் மாற்றி என்டர் தட்டிப் பாருங்கள்.

2. நுழையும் வழி. எஃப்1 அழுத்தலாம். அதைவிட நல்லது, உங்களைக் குழப்பும் உரையாடல் பெட்டியைத் (டயலாக்) திறந்துவைத்து அதிலேயே உள்ள ஹெல்ப் பொத்தானை அழுத்துவது. அந்தப் பெட்டிக்கான பக்கத்துக்கே நேராகப் போகும். ஃபங்ஷன் என்றால் கன்ட்ரோல்+எஃப்2 அழுத்தி, ஃபங்ஷன் விசார்டில் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து ஹெல்ப்.

3. உதவிப் பக்கத்தின் இடப்பக்கத் தேடல் பெட்டி. முதலில் மேலே மாட்யூல் பட்டியலில் கால்க்கைத் தேர்ந்தெடுங்கள். ரைட்டரில் (எழுத்துச் செயலி) இருந்துகொண்டு விலுக்அப்பை (VLOOKUP, அட்டவணையில் ஒரு மதிப்பைத் தேடி எடுக்கும் கால்க் ஃபங்ஷன்) தேடினால் ஒன்றும் வராது. இந்தப் பெட்டி தேடுவது குறிச்சொல் பட்டியலில் மட்டும்தான். முழு வாக்கியம் போட்டால் பயனில்லை. பிழை எண் வந்திருந்தால் 'எரர் கோட்ஸ்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். எல்லாம் ஒரே அட்டவணையில் கிடைக்கும்: 508 என்றால் அடைப்புக்குறி ஜோடி சேரவில்லை, 522 என்றால் ஃபார்முலா தன்னையே சுற்றுகிறது.

4. பக்கத்தைப் படிப்பது. அதிகம் தடுமாறுவது இங்கேதான். விலுக்அப்பைத் தேடிப் போனால் 'ஸ்ப்ரெட்ஷீட் ஃபங்ஷன்ஸ்' என்ற தலைப்பில் நீளமான பக்கம் திறக்கும். தப்பான பக்கம் என்று மூடிவிடாதீர்கள். பல ஃபங்ஷன்கள் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். கன்ட்ரோல்+எஃப் போட்டுப் பெயரைத் தேடுங்கள். இப்படி இருக்கும்:

விலுக்அப்(லுக்அப்; அர்ரே; இன்டெக்ஸ் [; சார்ட்டெட்ரேஞ்ச்லுக்அப்])

சதுர அடைப்புக்குள் இருப்பதை விட்டுவிடலாம் என்று பொருள். அடைப்பையே தட்டச்சு செய்யக்கூடாது. ஆனால் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே உள்ள விளக்கத்தில் படித்தே ஆகவேண்டும். நான்காவதை விட்டால், முதல் நெடுவரிசை ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது என்று கால்க் எடுத்துக்கொள்கிறது. ரோல் எண்கள் 104, 101, 109 என்று கலைந்து கிடக்கும் கட்டணப் பட்டியலில் பிழைச் செய்தி வரலாம். அதைவிட மோசம், வேறொரு மாணவரின் தொகை சத்தமில்லாமல் வந்து உட்காரலாம். கடைசியில் 0 சேர்த்தால் துல்லியமாகப் பொருந்துவதை மட்டும் எடுக்கும்.

அந்த அரைப்புள்ளியைப் பற்றி ஒன்று: உங்கள் திரையில் காற்புள்ளி இருக்கலாம். அது டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → லிப்ரெஆபிஸ் கால்க் → ஃபார்முலாவில் உள்ள செபரேட்டர்ஸ் அமைப்பு. உதவிப் பக்கத்தில் உள்ளபடி அரைப்புள்ளியோடு அடித்தாலும் கால்க் ஏற்றுக்கொள்ளும். காற்புள்ளியோடு இணையத்தில் கிடைக்கும் ஃபார்முலாதான் சில கணினிகளில் முரண்டு பிடிக்கும்.

0 போட்டும் கிடைக்கவில்லையா? ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இருக்கலாம். கன்ட்ரோல்+எஃப்8 அழுத்துங்கள். எண்கள் நீலம், எழுத்து கறுப்பு, ஃபார்முலா பச்சை. ரோல் எண் கறுப்பாகத் தெரிந்தால் குற்றவாளி அதுதான்.

5. எதற்கு எந்தப் புத்தகம். 'இந்தப் பொத்தான் என்ன செய்யும்' என்பதற்கு உதவித் தளம். 'மெயில் மெர்ஜ் (ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிப் பலருக்குத் தயாரிப்பது) ஆரம்பம் முதல் முடிவுவரை எப்படி' என்பதற்கு ரைட்டர் கைடு, கால்க் கைடு போன்ற இலவச பிடிஎஃப் நூல்கள். இரண்டாவது வகைக் கேள்வியோடு உதவித் தளத்தில் அலைவது நேர விரயம்.

பிற்சேர்க்கை: எஃப்1 அழுத்தியதும் உதவி நிறுவப்படவில்லை என்ற செய்தி வந்தால் பயப்படவேண்டாம், அதிலேயே இணையத்தில் படிக்கும் பொத்தான் உண்டு. இணையம் இல்லாத இடத்தில் வேலை என்றால், பதிவிறக்கப் பக்கத்தில் முதன்மை நிறுவியை ஒட்டியே உதவித் தொகுப்பு தனிக் கோப்பாக இருக்கிறது. லிப்ரெஆபிஸை முதலில் நிறுவிவிட்டு அதை நிறுவுங்கள். மொழியும் பதிப்பு எண்ணும் பொருந்தவேண்டும். மென்பொருளைப் புதுப்பித்தால் தொகுப்பையும் மறக்காமல் புதுப்பியுங்கள்.