பள்ளி கெமிஸ்ட்ரி லேபில் ஆபத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? (கடலூர் ஈரத்துக்கும் வெயிலுக்கும் சேர்த்து)

பிளஸ் டூ பிராக்டிகலுக்கு லேபைத் தயார் செய்யும் வேலை முதல்முறையாக உங்கள் தலையில் விழுந்திருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது என்பதெல்லாம் தெரிந்திருக்கும், தாண்டிப் போகிறேன். கடலூரில் ஒரு பள்ளி லேபை ஒழுங்குபடுத்தியபோது நான் போன வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: வெறுங்கையோடு ஒரு சுற்று

பாட்டில் எதையும் தொடாதீர்கள். நோட்டும் பென்சிலும் போதும். கேஸ் வால்வு எங்கே, கரண்ட் மெயின் எங்கே, இரண்டாவது கதவு திறக்கிறதா? பெரும்பாலும் அந்தக் கதவுக்குக் குறுக்கே உடைந்த ஸ்டூல்கள் கிடக்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் ஜன்னலோடு நிற்காமல் கதவையும் திறக்க வேண்டும். உப்புக்காற்றில் பித்தளை வால்வு பச்சை பூத்து இறுகிப்போகும். மூட முடிகிறதா என்று திருகிப் பாருங்கள். பர்னர் ரப்பர் டியூபை வளைத்தால் வெடிப்பு தெரியும். கசிவு பார்க்க சோப்புத் தண்ணீர் மட்டும்தான்.

படி 2: லேபிள்

பேர் இல்லாத பாட்டிலை முகர்ந்து கண்டுபிடிக்கும் திறமை யாருக்கும் வேண்டாம். தனியாக எடுத்து வைத்துவிட்டு ஹெச்.எம்.மிடம் எழுத்தில் சொல்லுங்கள். புது லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை அமிலப் புகையில் வெளிறிப்போகும், பென்சில் கரி அப்படியே நிற்கும். மேலே அகல செல்லோடேப். பெயர், செறிவு, திறந்த தேதி மூன்றும் இருக்கட்டும். லேபிள் பிரிண்டர் வாங்கலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் ஓட்டு பென்சிலுக்கு.

படி 3: பிரித்து அடுக்குவது

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அகர வரிசையில் அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று ஆகாதவை பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும். சரி, அமிலமெல்லாம் ஓர் அலமாரி, காரமெல்லாம் ஓர் அலமாரி என்று பிரித்தால்? அதுவும் பாதிதான் சரி.

புது பாட்டில்களில் சிவப்புக் கரை போட்ட சாய்சதுரப் படங்கள் இருக்கும். கையும் உலோகமும் அரிக்கப்படுகிற படம் நைட்ரிக் அமிலத்திலும் உண்டு, கிளேசியல் அசிட்டிக் அமிலத்திலும் உண்டு. அதைப் பார்த்துத்தான் இரண்டையும் ஒன்றாக வைத்துவிடுகிறார்கள். இரண்டாவது படத்தைப் பாருங்கள். அசிட்டிக்கில் வெறும் தீச்சுடர்: அதுவே எரியக்கூடியது. நைட்ரிக்கில் ஒரு வட்டத்தின் மேல் தீச்சுடர்: பக்கத்தில் இருப்பதை எரியவைக்கும். இந்த இரண்டு படமும் ஒரே தட்டில் சந்திக்கவே கூடாது. அசிட்டோன், ஸ்பிரிட் எல்லாம் அசிட்டிக் பக்கம். பொட்டாசியம் பெர்மாங்கனேட், நைட்ரேட் உப்புகள் வேறு தட்டில். நைட்ரிக்குக்குத் தனி இடம், அடியில் ஒரு பீங்கான் தட்டு. மற்ற அமிலங்களுக்கு பஜாரில் கிடைக்கும் கெட்டி பிளாஸ்டிக் டிரே போதும்.

இன்னொரு அடையாளம்: பாட்டில்களின் கழுத்திலும் தோளிலும் விபூதி பூசியது போல வெள்ளைப் படலம் இருந்தால், அந்த அலமாரியில் அம்மோனியாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. அந்த வெள்ளை அம்மோனியம் குளோரைடு. துடைப்பதற்கு முன்னால் இரண்டையும் பிரியுங்கள்.

படி 4: நம்ம ஊர் வெயிலும் மழையும்

ஈதர் 34.6 டிகிரியிலேயே கொதிக்கும். கத்திரி வெயிலில் பூட்டிய லேப் அதைத் தாண்டிவிடும், ஆகவே பள்ளியில் ஈதரே வேண்டாம் என்பது என் கட்சி. கிளேசியல் அசிட்டிக்கின் ஆவி சுமார் 39 டிகிரியில் தீப்பற்றத் தயாராகிவிடும். மே மாதத்தில் அம்மோனியா பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, ஆறிய பிறகே திறங்கள். முகத்தை அதன் மேல் கொண்டுபோகாதீர்கள்.

மழைக்காலத்தில் பிரச்சினை தலைகீழ். அமிலம் கண் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. கெடிலமும் பெண்ணையாறும் பொங்கினால் கீழ்த்தட்டுக்குத் தண்ணீர் வந்துவிடும். 2015 வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் அமில டிரேக்களை மேசை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். மண்ணெண்ணெயில் கிடக்கும் சோடியமும், கால்சியம் கார்பைடும் அதற்கும் மேலே. சோடியம் பற்றிக்கொண்டால் காய்ந்த மணல்தான். தண்ணீரும் கூடாது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் கூடாது. வாளி மணல் ஈரமில்லாமல் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.

படி 5: கண்ணும் மூக்கும்

காசு ஒன்றுக்குத்தான் என்றால் கையுறையை விட்டுவிட்டு, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள். சர்ஜிகல் மாஸ்க் ஆவியைத் தடுக்காது. சால்ட் அனாலிசிஸ் நேரத்தில் ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று நின்றால் சந்தோஷப்படாதீர்கள். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும். உடனே எல்லோரையும் வெளியே அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: புதுச்சேரியிலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருந்தார்: கண் கழுவும் வசதி இல்லை, குழாயைத் திறந்தால் மத்தியானம் மாடி டேங்க் தண்ணீர் கொதிக்கிறது, என்ன செய்வது? நியாயமான கேள்வி, நான் எழுதும்போது இதை யோசிக்கவில்லை. கண்ணை 15 நிமிடம் கழுவ வேண்டும். நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் என்றாலே 22 லிட்டருக்கு மேல் ஆகிறது, அதனால் ஒரு 20 லிட்டர் கேன் போதாது. குழாய் வைத்த இரண்டு கேன்களை ஸ்டாண்டில், நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒருவர் கண்ணைக் கழுவிவிடும்போதே இன்னொருவர் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கட்டும், பாட்டிலின் பெயரை எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

இன்னொன்று: துப்புரவு செய்யும் அக்காவிடம் பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒரே நாளில் ஒரே தொட்டியில் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சேர்ந்தால் குளோரின் கிளம்பும்.