அம்பாசடர் பாடியில் பெயிண்டும் துருவும் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அம்பாசடரைப் புதுப்பிக்க வாங்குகிறவர்கள் எஞ்சினை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் பெயிண்ட் உரிக்கும் வேலையில்தான் வண்டி பாழாகிறது. 2014-இல் மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றுவிட்டது, அசல் தகடு தேடி அலைய வேண்டிய காலம் இது, அதனால் கையில் இருக்கிற தகட்டைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

பெரிய தவறு, மொத்த பாடியையும் சாண்ட் பிளாஸ்டிங்குக்கு அனுப்புவது. சஸ்பென்ஷன் கைகள், ஆக்சில் மாதிரி கனமான சாமான்களுக்குச் சரி. ரூஃப், பானட், கதவு போன்ற அகலத் தகடுகளில் மணல் வேகமாக அடிக்கும்போது அடிபட்ட முகம் மட்டும் விரிந்து தகடு அலை அலையாக நெளிந்துவிடும். சூட்டினால்தான் நெளிகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அந்த அடியேதான் முக்கியக் காரணம். நெளிந்த ரூஃபை எவ்வளவு நல்ல டிங்கரும் முழுதாக நேராக்குவது கஷ்டம், கடைசியில் பள்ளத்தை நிரப்பும் பட்டியைத்தான் கனமாகப் பூசுவார்கள். போதாததற்கு மணல் தூசி நுரையீரலையே அரித்துவிடும்.

அகலத் தகட்டுக்கு பெயிண்ட் ரிமூவர் போதும். கெட்டியாகப் பூசி, காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி வையுங்கள், பெயிண்ட் சுருங்கிக் கிளம்பியதும் பட்டித் தகட்டால் வழித்துவிடலாம். ஓரங்களில் மட்டும் ஓர் அங்குலம் விட்டுக் கையால் தேயுங்கள், ஏனென்றால் மடிப்புக்குள் போன ரிமூவர் பிறகு புதுப் பெயிண்டைக் கிளப்பிவிடும். கிரைண்டரில் கல் டிஸ்க் மாட்டித் தேய்த்தால் துருவோடு நல்ல தகடும் போய்விடும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம். துரு சட்டென்று போகும், ஆனால் மடிப்புகளில் தங்கிய அந்த ஆசிட்டின் குளோரைடு உப்பு உள்ளிருந்து மறுபடி துருவைக் கிளப்பும். பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி வாங்குங்கள், அதையும் நன்றாகக் கழுவித் துடைத்துக் காய வைக்காவிட்டால், வெற்றுத் தகட்டில் முதலில் அடிக்கிற துரு தடுப்புப் பூச்சான எபாக்சி பிரைமர் பிடிக்காது.

அப்புறம், துரு வெளியே கொஞ்சமாகத் தெரிந்தால் உள்ளே அதிகம் இருக்கும். கதவுக்குக் கீழ்ப் பட்டை, தரைத் தகடு, மட்கார்டின் உள்பக்கம் எல்லாம் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெற்றுத் தகட்டை இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள். சென்னை, தூத்துக்குடிக் காற்றுக்கு மறுநாள் காலையிலேயே மஞ்சள் பூத்துவிடும். வெறும் கையால் தொட்டாலே வியர்வை பட்ட இடத்தில் விரல் ரேகையோடு துரு வரும், கையுறை அவசியம். ஒரு நாளில் பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் உரியுங்கள், ஒரு கதவு என்றால் ஒரு கதவுதான். எபாக்சி பிரைமருக்கு மேல்தான் பட்டி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.