ஒலிம்பிக்ஸ்ல நம்ம ஆளு தோத்தா டென்ஷன் ஆகாம பார்க்கிறது எப்படி

நாலு வருஷம் வில்வித்தை பக்கமே போகாதவங்க எல்லாம் ஒலிம்பிக்ஸ் வந்தா ஒரே வாரத்துல கோச் ஆயிடுவோம், நம்ம ஆளு தோத்த அடுத்த நிமிஷம் "டூர் போக போனாங்களா"ன்னு கமெண்ட் வேற. அப்படி இல்லாம பார்க்கணும்னா முதல்ல ஒரு சின்ன ஹோம்வொர்க் இருக்கு.

ஈவென்ட்டுக்கு முந்தின நாளே நம்ம ஆளோட பெஸ்ட் என்ன, கூட ஓடுறவங்களோட பெஸ்ட் என்னன்னு தேடிப் பாத்துடுங்க. பாரிஸ் 2024ல அவினாஷ் சாப்ளே 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ்ல (தடையும் தண்ணியும் தாண்டி ஓடுற ரேஸ்) 11வதா வந்தாரு, உடனே பல பேருக்கு "அய்யோ இதுவும் போச்சா". அவரோட நேஷனல் ரெக்கார்டு 8:09.91, அன்னைக்கு வெண்கலம் வாங்கினவரு ஓடினது 8:06.47. அதாவது வாழ்க்கையிலேயே பெஸ்டா ஓடியிருந்தா கூட மெடல் இல்ல. ஆனா அந்த ஈவென்ட்ல ஃபைனலுக்கே போன முதல் இந்திய ஆண் அவருதான், சந்தோஷப்பட வேண்டியது அங்க இருந்துச்சு, நாம தேடினது வேற எங்கயோ.

நாலாவது இடம் வந்தா வித்தியாசம் எவ்வளவுன்னு பாருங்க. 1984ல பி.டி. உஷா 400 மீட்டர் ஹர்டில்ஸ்ல வெண்கலத்த விட்டது ஒரு செகண்ட்ல நூத்துல ஒரு பங்குல. பாரிஸ்ல வெயிட்லிஃப்டிங்ல மீராபாய் சானு ரெண்டு வகை லிஃப்டும் சேத்து தூக்கினது 199 கிலோ, வெண்கலம் 200. கடைசி லிஃப்ட்ல 114 கிலோ கேட்டு ட்ரை பண்ணாங்க, ஏறியிருந்தா கையில மெடல். இதெல்லாம் சொதப்பல்னு சொல்ற ஆளுக்கிட்ட ஆர்கியூ பண்ணாதீங்க, டைம் வேஸ்ட்.

கோபமே வரக்கூடாதுன்னு நான் சொல்லல, யார் மேலன்னு யோசிச்சுட்டு கோபப்படுங்க. பாரிஸ்ல மல்யுத்தம் 50 கிலோ பிரிவுல வினேஷ் போகட் அதுவரைக்கும் இன்டர்நேஷனல் லெவல்ல தோக்காத யூய் சுசாகிய முதல் ரவுண்டுலயே சாய்ச்சு ஃபைனல் வரைக்கும் போனாங்க, மறுநாள் காலைல வெயிட் 100 கிராம் கூட இருந்துச்சுன்னு வெளிய அனுப்பிட்டாங்க. ரெண்டாவது நாளும் வெயிட் பாக்குற ரூல் சரியா, முந்தின வருஷம் மல்யுத்த ஃபெடரேஷன் தலைவருக்கு எதிரா டெல்லி ஜந்தர் மந்தர்ல ரோட்டுல உக்காந்து போராட வேண்டிய நிலைமை ஏன் வந்துச்சு, இப்படி ஃபெடரேஷன் பக்கம் கேக்க கேள்வி நிறைய இருக்கு. ஆனா சுலபமா கிடைக்கிறது ப்ளேயரோட இன்ஸ்டா கமெண்ட் பாக்ஸ்தான், அதான் பிரச்சனை. டோக்கியோல விமென்ஸ் ஹாக்கி டீம் செமிஃபைனல் தோத்ததும் வந்தனா கட்டாரியா வீட்டு வாசல்ல பட்டாசு வெடிச்சு சாதி சொல்லி திட்டினானுங்க, தென்னாப்பிரிக்கா மேட்ச்ல ஹாட்ரிக் அடிச்ச பொண்ணு அது! இத ஏமாற்றம்னு எல்லாம் சொல்லாதீங்க.

நம்ம சென்னை பவானி தேவி, ஒலிம்பிக்ஸ் போன முதல் இந்திய ஃபென்சர் (வாள்வீச்சு), டோக்கியோல முதல் மேட்ச் 15-3ல ஜெயிச்சு ரெண்டாவதுல தோத்தாங்க. அவங்கள ஜெயிச்ச மனோன் ப்ரூனே கடைசில வெண்கலமே வாங்கினாங்க. அப்படியும் நம்ம பொண்ணு ட்விட்டர்ல ஸாரி கேட்டுச்சு. இந்த மாதிரி போஸ்ட் பாத்தா "பரவால்ல, சூப்பரா ஆடுனீங்க"ன்னு ஒரு வரி போடுங்க, அவ்ளோதான், அட்வைஸ் எதுவும் வேணாம்.

அப்புறம் ஒலிம்பிக்ஸ் முடிஞ்சதும் டிவிய ஆஃப் பண்ணிட்டு போயிடாம, ஏதாவது ஒரே ஒரு ஸ்போர்ட்ட எடுத்து ஏசியன் கேம்ஸ், வேர்ல்ட் சாம்பியன்ஷிப்னு நடுவுலயும் பாருங்க. எல்லாத்தையும் பாக்கணும்னு ஆரம்பிச்சா ஒரு மாசத்துல விட்டுடுவீங்க. எனக்கு ஜாவலின் போதும், 6 த்ரோல முடிஞ்சிடும், ரூலும் ஈஸி.