அண்மை முகப்படம்: திண்ணை வெளிச்சத்தில், தோலின் நிறம் மாறாமல் எடுக்கும் முறை

என் அப்பாயிக்கு எண்பது வயது நிறைந்தபோது நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் படம் எடுத்துச் சட்டம் போட்டு வாங்கி வந்தோம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் கறுத்த அந்த முகம் படத்தில் சந்தன நிறமாக இருந்தது. கன்னத்தின் சுருக்கங்களைக் காணோம். மூக்குத்தியை வைத்துத்தான் அது தான் என்று அவர் கண்டுகொண்டார். முகத்தை அருகில் நின்று எடுக்க நான் கற்றுக்கொண்டது அதன் பிறகே. ஒரு செல்பேசியோ கேமராவோ, திண்ணையுள்ள ஓட்டு வீடு ஒன்று, ஒரு வெள்ளை வேட்டி ஆகியவை இருந்தால் நீங்களும் தொடங்கலாம்.

படி 1: ஒளி

உச்சி வெயிலைத் தவிர்த்துவிடுங்கள். தஞ்சைப் பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது புருவத்தின் நிழல் கண்குழியை மூடிவிடும். திண்ணையிலோ, கூரை மேலொளியை மறைத்து, திறந்த வானத்தின் மென்மையான ஒளியைப் பக்கவாட்டிலிருந்து மட்டும் அனுப்புகிறது. திண்ணை விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே உட்காரவைத்து, முகத்தைத் தெருப்பக்கம் பாதியளவு திருப்பச் சொல்லுங்கள். கருவிழியில் வானம் ஒரு வெண்புள்ளியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சற்று வெளியே நகர்த்துங்கள். நிழல் பக்கம் மிகவும் இருண்டிருந்தால், வேட்டியை நான்காக மடித்து அந்தக் கன்னத்திலிருந்து ஒரு முழம் தள்ளி யாரையாவது பிடிக்கச் சொன்னால் போதும்.

டெல்டாவில் படமெடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. குறுவையோ சம்பாவோ பச்சை பிடித்து நிற்கும் நாட்களில் வரப்பில் நிறுத்தி எடுத்தால், பயிரில் பட்டுத் திரும்பும் ஒளி தாடைக்குக் கீழும் கழுத்திலும் பச்சையாகப் படியும். நம் கண் அதற்குப் பழகிவிடுவதால் அங்கே நிற்கும்போது நமக்குத் தெரிவதில்லை, படத்தில்தான் தெரியும். முகம் முழுவதும் ஒரே சீராகப் படிந்த நிறத்தை ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சமன்செய்வது) நீக்கிவிடும், தாடையில் மட்டும் படிந்ததை அதனால் நீக்க முடியாது. ஆகவே வயல் பின்னணியில் இருக்கட்டும், ஆளை மட்டும் வைக்கோல் பரப்பிய களத்தில் நிறுத்துங்கள். வைக்கோலிலிருந்து எழும் வெளிர்மஞ்சள் ஒளி நம் தோலின் நிறத்தோடு இசைந்து போகும்.

படி 2: எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு)

எதிரில் இருப்பதெல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொண்டே கேமரா ஒளியை அளக்கிறது. கறுத்த முகம் படத்தை நிரப்பினால் வெளிச்சம் போதவில்லை என்று கணித்து அது முகத்தை வெளுக்கவைக்கும். அதே முகம் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் சிறிதாக இருந்தால், சுவரைக் கணக்கில் கொண்டு முகத்தை இருட்டாக்கும். முன்னதற்கு எக்ஸ்போஷரை −0.3 முதல் −0.7 வரை குறையுங்கள், பின்னதற்கு +0.7 அளவு கூட்டுங்கள். செல்பேசியில் முகத்தைத் தொட்டபின் வெளிச்ச அளவை நகர்த்தி இதைச் செய்யலாம். முகத்தைத் தானாக மெருகேற்றும் பியூட்டி வசதியை முற்றிலும் அணைத்துவிடுங்கள்.

ஒயிட் பேலன்ஸுக்கு மட்டும் வேட்டியை நம்ப வேண்டாம். நீலம் போட்டு வெளுத்த துணியை வெண்மை என்று கேமராவுக்குக் காட்டினால் முகம் மஞ்சளாகிவிடும். கடைகளில் கிடைக்கும் சாம்பல் அட்டையை முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் மஞ்சள் பூசியிருப்பவர்களுக்கு இது கட்டாயம் தேவை. இல்லையெனில் அவர் பூசிய மஞ்சளையே பிழையென்று எண்ணி நீக்கிவிடுவோம்.

படி 3: தூரமும் கிராப்பும்

முகத்துக்கு ஓரடிக்குள் போய் எடுத்தால் மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்கும். இது தூரத்தால் வருவது. நாலைந்து அடி தள்ளி நின்று, செல்பேசியில் 2 மடங்கு ஜூம், கேமராவில் 85 மி.மீ., சென்சார் (படம் பதியும் சில்லு) சிறியது என்றால் 50 மி.மீ. லென்ஸ் கொண்டு எடுங்கள். அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பளவு) எஃப் 4 போதும்; கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் இருக்கட்டும்.

கிராப் செய்யும்போது, அதாவது படத்தின் ஓரங்களை வெட்டும்போது, கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அமையட்டும். மிக அருகிலான படத்தில் உச்சி முடியை வெட்டலாம், தாடையை வெட்டக் கூடாது. தோடு முழுவதும் உள்ளே இருக்க வேண்டும், அல்லது முழுவதும் வெளியே போக வேண்டும். பாதித் தோடு கண்ணை உறுத்தும்.

படி 4: நிறத் திருத்தம்

முடிந்தால் ராவாக (கேமரா பதிந்ததை மாற்றாமல் வைக்கும் கோப்பாக) எடுத்து, முதலில் சாம்பல் அட்டைப் படத்தை வைத்து ஒயிட் பேலன்ஸ், அடுத்து எக்ஸ்போஷர், கடைசியில் நிறம் என்ற வரிசையில் திருத்துங்கள். கறுப்போ சிவப்போ மாநிறமோ, தோலின் சாயல் பெரும்பாலும் ஆரஞ்சை ஒட்டியே இருக்கும். வெளிச்சமும் செறிவுமே ஆளுக்கு ஆள் மாறுகின்றன. எனவே ஆரஞ்சின் லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்ச அளவை) ஏற்றினால் தோல் உடனே வெளுத்துவிடும். அதைத் தொடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களே இருந்தார்கள். பிரிண்டின் நிறம் அவர்கள் தோலை வைத்தே சரிபார்க்கப்பட்டது. இன்று அந்த அளவுகோல் நம் கையில் இருக்கிறது. பிரிண்டைத் திண்ணைக்கே கொண்டு போய், அதே வெளிச்சத்தில் அவர் கன்னத்துக்கு அருகே பிடித்துப் பாருங்கள். படம் வெளுத்திருந்தால் எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்து மறுபடி பிரிண்ட் போடுங்கள்.